போஸ்னியால கோர்ட் தீர்ப்பு வந்து இத்தனை வருஷமாகியும் சட்டத்தை ஏன் மாத்த மாட்டேங்குறாங்க?

கிராஸ்_குமரன்:
வணக்கம் மக்களே. நான் ஆஸ்திரியால கிராஸ் ஊர்ல இருக்கேன், ஏழு வருஷமாச்சு. எங்க ஒர்க்‌ஷாப்ல போஸ்னியாக்காரங்க நிறைய பேரு, அதுல மோஸ்தார்காரர் ஒருத்தரும் நானும் தினம் ஒண்ணா உக்காந்துதான் சாப்பிடுவோம். போன வாரம் பேச்சுவாக்குல உங்க நாடு எப்ப ஐரோப்பிய யூனியன்ல சேரும்னு கேட்டுட்டேன். மனுஷன் சிரிச்சுட்டு "எங்ககிட்ட மூணு ஜனாதிபதி, 14 அரசாங்கம், இதுல யாரைப் போய் கேக்குறது"ன்னுட்டாரு. வீட்டுக்கு வந்து தேடிப் படிச்சா தலை சுத்துது. செஜ்டிச், ஃபின்சின்னு ரெண்டு பேரு, ஒருத்தர் ரோமா இனம், இன்னொருத்தர் யூதர். நீ போஸ்னியாக்கும் (அங்க இருக்குற முஸ்லிம் இனம்) இல்ல செர்பும் இல்ல குரோஷியனும் இல்ல, அதனால ஜனாதிபதி பதவிக்கு நிக்க முடியாதுன்னு சொந்த நாட்டுலயே சொல்லிருக்காங்க. 2009 டிசம்பர்ல ஸ்ட்ராஸ்பர்க் மனித உரிமை கோர்ட் இது தப்புன்னு தீர்ப்பு சொல்லிருச்சு. அதுக்கப்புறம் 2010, 2014, 2018, 2022ன்னு நாலு பொதுத் தேர்தல் அதே பழைய விதியிலயே நடந்துருக்கு.

என் கேள்வி இதான். சேரணும்னா சட்டத்தை மாத்துன்னு ஐரோப்பா சொல்லுது, இவங்க மாத்தல, ஆனாலும் 2022 டிசம்பர்ல வேட்பாளர் நாடுன்னு அந்தஸ்து குடுத்தாங்க, 2024 மார்ச்ல பேச்சுவார்த்தையும் ஆரம்பிக்கலாம்னு சொல்லிட்டாங்க. அப்ப யாரு யாரை ஏமாத்துறாங்க?

பழையபேப்பர்:
தம்பி, முதல்ல அந்த மூணு ஜனாதிபதி கதை. தனித்தனியா மூணு பேரு இல்ல, ஒரே பதவிய மூணு பேரு சேந்து பாக்குறாங்க, எட்டு மாசத்துக்கு ஒருத்தர் தலைவர் நாற்காலில உக்காருவாரு. போஸ்னியாக் ஒருத்தர், குரோஷியர் ஒருத்தர், இவங்க ரெண்டு பேரையும் ஃபெடரேஷன்னு சொல்ற பாதியில இருக்குறவங்க தேர்ந்தெடுப்பாங்க, செர்ப் ஆள ஸ்ர்ப்ஸ்கா குடியரசுன்னு சொல்ற இன்னொரு பாதி தேர்ந்தெடுக்கும். அதனால யூதருக்கும் ரோமாவுக்கும் மட்டும் இல்ல, தப்பான பக்கத்துல குடியிருந்தா போஸ்னியாக்கும் நிக்க முடியாது. ஸ்ர்ப்ஸ்கா பாதியில இருக்குற ஸ்ரெப்ரெனிட்சால இருந்த பிலாவ்னு ஒரு டாக்டர் இதுக்குத்தான் கேஸ் போட்டு 2016ல ஜெயிச்சாரு. நான் எந்த இனமும் சொல்லிக்க மாட்டேன், வெறும் குடிமகள்னு சொன்ன ஸோர்னிச் அம்மா 2014லயே ஜெயிச்சாச்சு. எல்லாரும் ஜெயிச்சாங்க, யாருக்கும் ஒண்ணும் ஆகல.

ஏன்னா அந்த நாட்டோட அரசியல் சட்டமே ஒரு சமாதான ஒப்பந்தத்தோட நாலாவது இணைப்பு. 1995 நவம்பர்ல அமெரிக்கால ஓஹையோ மாநிலத்துல டேட்டன் பக்கத்துல ஒரு விமானப்படை தளத்துல மூணு வாரம் உக்கார வச்சு, போஸ்னியாவோட இஸெத்பெகோவிச், செர்பியாவோட மிலோஷெவிச், குரோஷியாவோட துட்ஜ்மான்னு தலைவருங்க மூணு பேரையும் ஒத்துக்க வச்சது. சட்டத்தை எழுதுனதே ஆங்கிலத்துல. ஏறக்குறைய ஒரு லட்சம் பேரு செத்த சண்டைய நிறுத்தணும், அதான் அன்னைக்கு வேலை. நம்ம ஊர்ல அண்ணன் தம்பி அருவா தூக்குனா பெரிய மனுசங்க உக்காந்து அவசரமா பாகப்பிரிவினை பத்திரம் எழுதுவாங்கல்ல, இது அதுதான், 51 சதவீதம் ஒரு பக்கம் 49 ஒரு பக்கம். அந்தப் பத்திரத்தை வச்சே முப்பது வருஷமா குடும்பம் நடத்துறாங்க. அதுல ஒரு வரி மாத்தணும்னாலும் பங்கு வாங்குன அத்தனை பேரும் கையெழுத்து போடணும், அந்தப் பங்குனாலதான் அவங்க தலைவராவே இருக்காங்க. அப்புறம் யாரு போடுவா?

ஒரு தடவை கிட்ட வந்துச்சு. 2006 ஏப்ரல்ல ஒரு திருத்தம் கொண்டு வந்தாங்க, ஒரு ஜனாதிபதி, ரெண்டு துணை ஜனாதிபதி, பார்லிமெண்ட் தேர்ந்தெடுக்கும்னு. 42 பேர் சபையில 28 ஓட்டு வேணும், 26 விழுந்துச்சு. ரெண்டே ஓட்டு. இது போதாது, ஒவ்வொரு பாதியும் சட்டத்தை மறிக்கிற அதிகாரம் அப்படியே இருக்குன்னு சொல்லி எதிர்த்தவர்ல முக்கியமானவரு போஸ்னியாக் தலைவர் சிலாய்ட்ஜிச். அந்த அக்டோபர்லயே அவர் ஜனாதிபதி குழுவுக்கு ஜெயிச்சுட்டாரு. செர்ப் பக்கம் டோடிக் கட்சியும் ஜோரா ஜெயிச்சுச்சு. விட்டுக்குடுத்தா தோப்போம், முறுக்குனா ஜெயிப்போம்னு எல்லாருக்கும் அன்னைக்கே புரிஞ்சுருச்சுன்னு நான் நினைக்கிறேன், அதுக்கப்புறம் அவ்வளவு கிட்ட வரவே இல்ல.

மொட்டைமாடி:
மூணு தலைவர், ஆளுக்கொரு வீட்டோ, ஒரு முடிவும் எடுக்கல. எங்க அபார்ட்மெண்ட் அசோசியேஷன் பைலாவும் டேட்டன்ல எழுதுனதா இருக்குமோ

ராத்திரி_ஷிப்ட்:
பேப்பர் சார் சொல்றது பாதி சரி, ஆனா ஏதோ நாலு தலைவருங்க பதவிக்காக மறிக்கிறாங்க, ஜனங்கல்லாம் ஒத்துமையா இருக்காங்கன்ற மாதிரி போகுது பாருங்க, அது இல்ல. 2013 சென்சஸ் எடுத்துப் பாருங்க, மொத்தம் 35 லட்சம் பேரு, அதுல போஸ்னியாக் பாதி, செர்ப் 31 சதவீதம் கிட்ட, குரோஷியர் வெறும் 15. இப்ப நீங்க அந்த 15ல ஒருத்தர்னு வைங்க. ஆளுக்கு ஒரு ஓட்டு, இனம் பாக்காதன்னு ஐரோப்பா சொன்னா உங்க காதுல என்ன விழும்? இனிமே உங்க ஓட்டு செல்லாதுன்னுதான் விழும்.

இது கற்பனை பயமும் கிடையாது. கோம்ஷிச்னு ஒருத்தரு குரோஷியர் சீட்ல 2006, 2010, 2018, 2022ன்னு நாலு தடவை ஜெயிச்சுருக்காரு. ஃபெடரேஷன்ல போஸ்னியாக் ஓட்டர் குரோஷியர் லிஸ்ட்லயும் ஓட்டு போடலாம், யாரும் தடுக்க முடியாது, அவருக்கு விழுந்ததுல பெரும்பகுதி அப்படி விழுந்ததுதான்னு சோவிச்சோட குரோஷியர் கட்சி கத்திக்கிட்டே இருக்கு. கோம்ஷிச் பக்கம் கேட்டா நான் எல்லாருக்கும் பொதுவான ஆளுங்கறாரு. ரெண்டு பேரு சொல்றதுலயும் நியாயம் இருக்கு, அதான் தலைவலியே.

கோர்ட்டும் ஒரே நூல்ல போகல. கோவாசெவிச்னு ஒரு கேஸ், அவரு கோம்ஷிச்சோட ஆலோசகர்தான், 2023ல முதல் பெஞ்ச் அவருக்கு சாதகமா சொல்லுச்சு, இந்த மொத்த ஏற்பாடும் தப்புன்ற அளவுக்கு. 2025 ஜூன்ல பெரிய பெஞ்ச் அந்த மனுவே ஏத்துக்க முடியாததுன்னு தள்ளிருச்சு.

கிராஸ்_குமரன்:
அடேங்கப்பா. ஷிப்ட் ப்ரோ, அப்ப நீங்க மாத்தவே வேணாங்கறீங்களா? யூதருக்கு நிக்க உரிமை குடுத்தா குரோஷியருக்கு என்ன குறைஞ்சிரும்?

ராத்திரி_ஷிப்ட்:
வேணாம்னு சொல்லல ப்ரோ. "மத்தவங்க"ளையும் நிக்க விடுன்னு ஒரு வரி சேக்குறது ஈசி. ஆனா அந்தக் கதவைத் தொறந்த உடனே குரோஷியர் கட்சி அப்ப எங்க சீட்டுக்கு எங்க ஆளுங்க மட்டும் ஓட்டு போடணும்னு விதி கொண்டு வான்னு நிக்கும், போஸ்னியாக் கட்சி அது நாட்டை மூணாப் பிரிக்கிற வேலைங்கும், செர்ப் கட்சி எங்க பாதியைத் தொடாம என்ன வேணா பண்ணிக்கோங்கும். பதினாறு வருஷமா இதே டயலாக்.

வண்டி_பைத்தியம்:
எனக்கு அரசியல் அவ்வளவா தெரியாதுங்க, ஆனா நம்பர் பிளேட் பத்தி படிச்சிருக்கேன், அது இதுக்கு பொருத்தமா இருக்கும்னு தோணுது. சண்டை முடிஞ்சப்புறம் ஒவ்வொரு பக்கத்துக்கும் ஒரு பிளேட்டுங்க. பிளேட்டைப் பாத்தாலே இது எந்த ஆளு வண்டின்னு தெரிஞ்சுரும், அதனால கோடு தாண்டி ஓட்டவே ஜனங்க பயந்தாங்க. நம்மூர்ல டிஎன்னு பாத்து பார்டர்ல நிறுத்தி மாமூல் கேக்குறதெல்லாம் இதுக்கு முன்னாடி ஒண்ணுமே இல்லீங்க. 1998ல வெஸ்டென்டார்ப்னு ஐநா பக்கத்து உயர் பிரதிநிதி ஒருத்தரு, நீங்க பேசி முடிவு பண்ண மாட்டீங்கன்னு தானே ஒரு பிளேட்டை இறக்குனாரு. அதுல ஏ, இ, ஜே, கே, எம், ஓ, டி இந்த எழுத்து மட்டும்தானுங்க. ஏன்னா ரோமன் எழுத்துலயும் சிரில்லிக் எழுத்துலயும் ஒரே மாதிரி இருக்குறது இதுகதான். ஊர் பேரும் கிடையாது. திடீர்னு எல்லா வண்டியும் ஒண்ணு போல ஆயிருச்சு, ஜனங்க அந்தப் பக்கம் இந்தப் பக்கம் போக ஆரம்பிச்சுட்டாங்க. கொடியும் அவரே முடிவு பண்ணதுதானுங்க, நாகானோ ஒலிம்பிக்ஸ் தொடங்க சில நாள் முன்னாடி.

மூக்கை உடைக்காம சீர்திருத்தம் பண்ணணும்னா இப்படி இருக்கணும்னு எனக்கு ஒரு ஆசை அவ்வளவுதானுங்க.

பழையபேப்பர்:
நல்ல உதாரணம் தம்பி. ஆனா இந்த உயர் பிரதிநிதின்னா யாருன்னு சேத்து சொல்லணும். வெளிநாட்டுக்காரரு, அந்த ஊர் ஜனங்க ஓட்டுப் போட்டு வந்தவரு இல்ல, ஐநால வேலை பாக்குறவரும் இல்ல, ஒப்பந்தத்தை நடத்தி வைக்க பல நாடுகள் சேந்து நியமிக்கிற ஆளு. 1997ல ஜெர்மனி பான் நகரத்துல நடந்த கூட்டத்துக்கு அப்புறம் அவருக்கு சட்டமும் போடலாம், ஆளையும் நீக்கலாம்னு அதிகாரம் வந்துருச்சு. ஆஷ்டவுன்னு ஒரு உயர் பிரதிநிதி 2004ல ஒரே நாள்ல ஏறக்குறைய 60 பேரை பதவிய விட்டுத் தூக்குனாரு. 2022 அக்டோபர் 2ந் தேதி ஓட்டுப் பதிவு முடிஞ்ச அன்னைக்கு ராத்திரியே அப்ப உயர் பிரதிநிதியா இருந்த ஷ்மிட் தேர்தல் சட்டத்தை மாத்துனாரு, மாடு கொட்டாயை விட்டுப் போனப்புறம் கயிறு மாத்துன மாதிரி. ஜனநாயக நாடாகு, அப்பதான் சேத்துக்குவேன்னு ஒரு கை சொல்லுது, இன்னொரு கை ஓட்டு வாங்காத ஆளை வச்சு சட்டம் போடுது. ஸ்ர்ப்ஸ்கா குடியரசோட ஜனாதிபதியா இருந்த டோடிக், ஷ்மிட்டோட உத்தரவை மதிக்க மாட்டேன்னு சட்டத்துல கையெழுத்து போட்டு, 2025 பிப்ரவரில ஒரு வருஷம் ஜெயில், ஆறு வருஷம் அரசியல் தடைன்னு தண்டனை வாங்கி, ஆகஸ்ட்ல பதவியும் போச்சு. டோடிக் மேல எனக்கு ஒரு துளி பிரியம் கிடையாது, ஆனா அவருக்கு அந்தப் பேச்சுக்குத் தீனி போட்டது யாருன்னும் பாக்கணும்ல.

தூரதேசம்:
குமரன், உங்க நண்பர் மோஸ்தார்னு சொன்னதும் உள்ள வந்துட்டேன். நான் 2019ல அங்க போயிருக்கேன், எல்லாரும் போற மாதிரி பாலம் பாக்கத்தான். 1993ல போஸ்னியா குரோஷியர் படை குண்டு போட்டு உடைச்சு, 2004ல திரும்பக் கட்டுன பாலம். பாத்துட்டு ஹாஸ்டல் ஓனர் அம்மாகிட்ட உங்க ஊரு கவுன்சிலர் யாருன்னு சும்மா கேட்டேன், கவுன்சிலே இல்லன்னாங்க. விளையாடுறாங்கன்னு நினைச்சேன். நிஜம். 2008க்கு அப்புறம் அந்த ஊர்ல உள்ளாட்சித் தேர்தலே நடக்கல. 2010ல அவங்க நாட்டு அரசியல் சாசன கோர்ட் மோஸ்தார் தேர்தல் விதி சரியில்ல, ஒரு வார்டுல ஓட்டோட மதிப்பு ஒண்ணு, இன்னொரு வார்டுல வேறன்னு சொல்லி அடிச்சுருச்சு. புது விதி எழுதணும், ஒரு பக்கம் போஸ்னியாக் கட்சி, ஒரு பக்கம் குரோஷியர் கட்சி, ஒத்துவரல. அப்படியே பன்னெண்டு வருஷம். பழைய மேயரே கவுன்சில் இல்லாம ஓட்டிக்கிட்டு இருந்தாரு. நாட்டுல மத்த ஊரெல்லாம் தேர்தல் நடக்குது, இந்த ஒரு ஊர்ல இல்ல.

கடைசில பாராலியான்னு அந்த ஊர் அம்மா ஒருத்தங்க, ஓட்டும் போட முடியல தேர்தல்லயும் நிக்க முடியலன்னு தனியா ஸ்ட்ராஸ்பர்க் போய் 2019 அக்டோபர்ல ஜெயிச்சாங்க. மறு வருஷம் ஜூன்ல ரெண்டு பெரிய கட்சித் தலைவருங்களும் ஐரோப்பிய தூதருங்க முன்னாடி கையெழுத்து போட்டு, 2020 டிசம்பர்ல தேர்தல் நடந்துச்சு. அந்தம்மாவும் நின்னு கவுன்சிலுக்குள்ள போனாங்க. ஆக சட்டம் மாறாதுன்னு இல்ல, மாறுது. நாட்டோட மூணு சீட்டைத் தொடாத வரைக்கும்.

ராத்திரி_ஷிப்ட்:
அதேதான். விசா விஷயமும் அப்படித்தான். பயோமெட்ரிக் பாஸ்போர்ட் கொண்டு வா, எல்லைக் காவலை சரி பண்ணு, உங்க ஆளுங்களுக்கு விசா வேணாம்னு ஐரோப்பா சொல்லுச்சு. செர்பியாவுக்கு 2009 டிசம்பர்லயே கிடைச்சுருச்சு, அதைப் பாத்து வயிறெரிஞ்சு ஒரே வருஷத்துல முடிச்சு 2010 டிசம்பர்ல இவங்களும் வாங்கிட்டாங்க. யாரோட நாற்காலியும் போகல, பலன் கண்ணு முன்னாடி தெரிஞ்சுது. ஆனா யூனியன்ல சேர்றதுன்னா 2016ல மனு போட்டு, 2019ல 14 நிபந்தனை வாங்கி, இன்னும் எத்தனை வருஷம்னு யாருக்கும் தெரியாது. இருபது வருஷம் கழிச்சு வர்ற சம்பளத்துக்கு இன்னைக்கு எவன் வேலைய விடுவான்.

குரோஷியாவைப் பாருங்க. கோதோவினான்னு ஒரு ஜெனரல், அங்க அவரு ஹீரோ, போர்க்குற்றம் விசாரிக்கிற ஹேக் கோர்ட் தேடிக்கிட்டு இருந்துச்சு. புடிக்க உதவலன்னு 2005 மார்ச்ல ஆரம்பிக்க வேண்டிய பேச்சுவார்த்தைய ஐரோப்பா நிறுத்தி வச்சுச்சு. அக்டோபர்ல ஆரம்பிச்சுது, டிசம்பர்ல ஆளு டெனரிஃப் தீவுல மாட்டுனாரு, 2013 ஜூலைல குரோஷியா உள்ள. அந்த ஜெனரல் அப்பீல்ல 2012ல விடுதலையும் ஆயிட்டாரு, அது வேற கதை. அதே ஐரோப்பா சைப்ரஸ்ல என்ன பண்ணுச்சு? 2004 ஏப்ரல்ல தீவை ஒண்ணு சேக்க வாக்கெடுப்பு, வேணாம்னு சொன்ன கிரேக்கப் பகுதி ஒரு வாரத்துல யூனியன்ல, வேணும்னு சொன்ன துருக்கியப் பகுதி வெளியவே. இதையெல்லாம் பாத்த போஸ்னியா தலைவருங்க மட்டும் நிபந்தனைன்னா பயப்படணுமா என்ன.

கிராஸ்_குமரன்:
எல்லாருக்கும் நன்றி. மோஸ்தார் தேர்தல் கதைய இன்னைக்கு என் அரைகுறை ஜெர்மன்ல அவருகிட்ட சொன்னேன், தூரதேசம் அக்கா சொன்ன மாதிரியே. ஒரு நிமிஷம் சாப்பிடறதை நிறுத்திட்டு, 2008ல ஓட்டு போட்டப்ப எனக்கு கல்யாணமே ஆகல, அடுத்த ஓட்டு போடப் போனப்ப மூத்த பொண்ணு நாலாம் கிளாஸ், வரிசைல கூடவே கூட்டிட்டுப் போனேன்னாரு. எந்தப் பள்ளிக்கூடம்னு கேட்டேன். அங்க ஒரே கட்டடத்துல ரெண்டு பள்ளிக்கூடம், ரெண்டு பாடத்திட்டம் நடக்குற இடமெல்லாம் இருக்காம், அது பெரிய கதை, நாளைக்கு சொல்றேன்னுட்டு டப்பாவை மூடிட்டாரு. சொன்னா இங்க வந்து போடுறேன்.