பழைய பேப்பர்ல வந்த ராக் கச்சேரி விளம்பரம், ஒரிஜினலா டூப்பானு எப்படி பார்க்கறது?

எல்லாருக்கும் வணக்கம், ஒரு ஹெல்ப் வேணும். 60கள், 70கள்ல ராக் கச்சேரி விளம்பரம் வந்த நியூஸ்பேப்பரா தேடித்தேடி சேர்க்கறேன், கட்டிங் இல்ல, முழு தாள்தான் வேணும்னு ஒரு பிடிவாதம், ஏன்னா பின்பக்கம் இருக்கற செருப்பு விளம்பரமும் மேட்ச் ஸ்கோரும்தான் அது எந்த நாள் பேப்பர்னு காட்டிக்கொடுக்கும்.

இப்ப ஆன்லைன்ல ஒருத்தர்கிட்ட வுட்ஸ்டாக் (1969ல அமெரிக்கால நடந்த பெரிய ராக் திருவிழா) விளம்பரம் ஒண்ணு வாங்கினேன். இடம் வால்கில்னு போட்டிருக்கு, நியூயார்க் மாநிலத்துல ஒரு ஊர். 1969 ஜூலைல அங்க பர்மிஷன் கிடைக்காம போனப்புறம்தானே பெத்தல்ங்கற ஊருக்கு மாத்தினாங்க, அப்ப இது அதுக்கு முன்னாடி வந்ததுனு செம குஷி.

கைல எடுத்ததும் குஷி போச்சு. தாள் முழுக்க ஒரே சீரா டீ கலர்! நிஜமா பழசுன்னா ஓரமும் மடிப்பும்தானே முதல்ல பழுக்கும்? லென்ஸ் வச்சு பார்த்தா போட்டோ அச்சடிக்கற குட்டி குட்டி புள்ளியெல்லாம் ஒண்ணோட ஒண்ணு ஒட்டி கருப்பு திட்டா இருக்கு, அச்சடிச்சதை மறுபடி காப்பி எடுத்தா இப்படித்தான் வரும்னு நினைக்கிறேன். பின்பக்கம் வேற வெறும் தாள். எனக்கு இது டூப்புதான், ஆனா விக்கிறவர் ஒத்துக்கமாட்டேங்கறார், வேற என்ன செக் பண்ணலாம் சொல்லுங்க.

இன்னொண்ணு, நல்ல தாளை எப்படி வைக்கறீங்க? மரக்கூழ் பேப்பர்ல லிக்னின்னு மரத்துலேர்ந்து வர்ற ஒரு பொருள் இருக்கறதால வெளிச்சம் பட்டாலே மஞ்சளாயிடுது. ஆசிட் இல்லாத அட்டையோட மைலார் (கண்ணாடி மாதிரி தெரியற பாலியெஸ்டர் பிளாஸ்டிக்) கவர்ல போட்டு படுக்கவச்சிருக்கேன். ஆசிட் எடுக்கற ஸ்ப்ரே யாராவது யூஸ் பண்ணியிருக்கீங்களா, இங்க் கலையுமா? (லேமினேட் பண்ணுனு மட்டும் சொல்லாதீங்க, ஒண்ணை ஏற்கனவே அப்படித்தான் நாசம் பண்ணேன்.)