மறு: 'கடின காற்றுவழி' – கடினம் யாருக்கு?

எல்லாருக்கும் வணக்கம்.

நம் கலைச்சொல் பட்டியலுக்கு 'difficult airway' என்பதன் தமிழைத் தேடிக்கொண்டிருக்கிறோம், அதாவது மயக்கத்தில் இருப்பவருக்கு முகமூடியாலோ குழாயாலோ காற்று கொடுக்க மயக்க மருத்துவர் திணறும் நிலை. அதற்கு 'கடின காற்றுவழி' என்றே போட்டு முடித்துவிடலாம், இனி இழுக்க வேண்டாம் என்று நேற்று எழுதிய ஐயா மன்னிக்க வேண்டும். நான் இழுக்கத்தான் வந்திருக்கிறேன். இருபது வருடமாகச் சென்னையில் மயக்க மருந்து கொடுப்பதுதான் பிழைப்பு. இந்தச் சங்கதியை நோயாளியிடம் தமிழில் சொல்லும்போதெல்லாம் இன்னும் தடுமாறுகிறேன்.

சில வருடம் முன்பு நடந்தது. எந்த மருத்துவமனை என்பது வேண்டாம். ஒப்புதல் படிவத்தைத் தமிழில் அச்சடித்திருந்தார்கள், நல்ல காரியம்தான், ஆனால் அதில் 'கடினமான சுவாசப்பாதை' என்று ஒரு வரி. நோயாளி வடசென்னையில் ஆட்டோ ஓட்டுபவர். மாவா (பாக்கும் புகையிலையும் கலந்தது) போட்டுப் போட்டு வாய் ஒரு விரல் நுழையும் அளவுக்கு மேல் திறக்காது, கன்னத்தின் உள்பக்கம் தொட்டால் காய்ந்த தோல்வார் மாதிரி இறுகிக் கிடந்தது, அதில் ஒரு புண், அதை வெட்டி எடுக்க வேண்டும். படிவத்தைப் படித்த அவர் மனைவி என்னைப் பிடித்துக்கொண்டார்: "டாக்டர், இவருக்கு வீசிங்கெல்லாம் கிடையாதுங்க, மூணு மாடி தண்ணி தூக்கிட்டு ஏறுவாரு."

அந்த அம்மா சொன்னது முழுக்கச் சரி. மூச்சு விடுவதில் அவருக்கு ஒரு குறையும் இல்லை. கஷ்டம் எனக்குத்தான். அவரைத் தூங்க வைத்தால் தொண்டைத் தசையெல்லாம் தளர்ந்து நாக்கு பின்னால் சரியும், மருந்து அவருடைய மூச்சையும் நிறுத்திவிடும், அப்போது முகமூடி வைத்துக் காற்று தள்ளவோ வாய்க்குள் கருவி விட்டுக் குரல்நாண்களைப் பார்த்துக் குழாய் போடவோ எனக்கு வழி இருக்காது. ஆகச் சொல்லில் 'கடினம்' என்று மொட்டையாக வைத்தால் அது நோயாளியின் மூச்சுக்குப் போய் ஒட்டிக்கொள்கிறது. அதோடு, பள்ளியில் 'கடின நீர்' படித்தவனுக்குக் கடின காற்றுவழி என்றதும் உப்புப் படிந்த மெட்ரோ வாட்டர் பைப்தான் நினைவுக்கு வரும்.

'காற்றுவழி'யும் எனக்கு ஒப்பவில்லை. காசநோய் 'காற்றுவழிப் பரவும்' என்று சுவரெல்லாம் எழுதி வைத்திருக்கிறோம், அந்த இடம் ஏற்கெனவே போய்விட்டது. 'மூச்சுக்குழாய்' என்று ஒருவர் சொன்னார். அது உடம்பில் இருக்கும் உறுப்பு, நாங்கள் போடும் பிளாஸ்டிக்கும் குழாய், இரண்டும் ஒரே வரியில் வந்தால் எது எதற்குள் போகிறது என்று புரியாது. மேலும் இந்த வழி மூக்கு, உதட்டிலேயே தொடங்கிவிடுகிறது. அதனால் 'மூச்சுவழி'. இதில் பெரிய சண்டை இருக்காது என்று நினைக்கிறேன்.

முன்னொட்டுக்கு என் பரிந்துரை 'இடங்கொடா'. இடங்கொடா மூச்சுவழி. இடத்தைக் கொடுத்தால் மடத்தைப் பிடுங்குவான் என்று யாராவது கிண்டலடிப்பீர்கள், தெரியும், அடியுங்கள். ஆனால் முகமூடிக்கு இடங்கொடாதது (அடர்ந்த தாடி, பல்லே இல்லாத வாய்), கருவிக்கு இடங்கொடாதது, குழாய்க்கு இடங்கொடாதது, கடைசி வழியாகக் கழுத்தின் முன்பக்கம் கீறிக் குழாய் விடுவதற்கும் இடங்கொடாதது (தீக்காயத் தழும்பில் தாடை நெஞ்சோடு ஒட்டிப்போன கழுத்து), எல்லாம் இந்த ஒரு சொல்லுக்குள் அடங்கும். வாய் 3 செ.மீ. கூடத் திறக்கவில்லை, கழுத்தை அண்ணாத்தினால் தாடை நுனிக்கும் குரல்வளை மேட்டுக்கும் நடுவே 6 செ.மீ. இல்லை என்றால் எங்களுக்கு வயிற்றைக் கலக்கும். உட்கார வைத்து வாயைத் திறந்து நாக்கை நீட்டச் சொல்லி, உள்நாக்கு எவ்வளவு தெரிகிறது என்று பார்க்கும் மல்லம்பட்டி வகுப்பு இருக்கிறதே, 1985-இல் வந்தது, அதை மொழிபெயர்க்க வேண்டாம். புதிதாக வரும் பிள்ளைகள் மதுரைப் பக்கத்து ஊர் என்று நினைக்கிறார்கள், அது ஒரு டாக்டரின் பெயர்.

இன்னொருவர், "இவ்வளவு சிக்கல் என்றால் ஸ்பைனல் போட்டுவிட வேண்டியதுதானே, இந்தச் சொல்லே எதற்கு" என்று கேட்டிருந்தார். ஸ்பைனல் என்றால் முதுகில் ஊசி போட்டு இடுப்புக்குக் கீழே மரக்க வைப்பது. கால் எலும்பு முறிவு, குடலிறக்கம் என்றால் பெரும்பாலும் அதைத்தான் செய்கிறோம். ஆனால் ஸ்பைனல் சில நேரம் பிடிக்காது, சில நேரம் எதிர்பார்த்ததைவிட மேலே ஏறிவிடும், சில நேரம் அறுவை முடிவதற்குள் தெளிந்துவிடும். அப்போது வயிறோ காலோ திறந்து கிடக்க, அதே மூச்சுவழியை அவசரத்தில் சந்திக்க வேண்டும். முதுகில் ஊசி போட்டதால் கழுத்து மாறிவிடாது. ஆகவே எந்த மயக்கம் என்று முடிவு செய்யும் முன்னாலேயே அந்தச் சொல் கேஸ் ஷீட்டில் ஏறியிருக்க வேண்டும்.

போகிற போக்கில்: ஸ்பைனல் போட்டவர் முழித்துப் பேசிக்கொண்டிருக்கும்போது அதை 'மயக்கம்' என்பது தப்பு. மக்கள் 'மரத்துப்போகிற ஊசி' என்கிறார்கள். 'மரப்பு' என்றே வைத்துக்கொள்ளலாமே. முழுமயக்கம், மரப்பு, இரண்டே சொல். 'உணர்வகற்றல்' அகராதியிலேயே நிம்மதியாக இருக்கட்டும்.

ஆட்டோக்காரருக்கு மரப்பு மட்டும் போதாது, அறுவையே வாயில். அவருக்குச் செய்தது, விழித்திருக்கும்போதே மூக்கு வழியாகக் குழாய் போடுவது. மூக்கையும் தொண்டையையும் லிக்னோகெயினால் மரக்க வைத்து, அவர் தானாக மூச்சு விட்டுக்கொண்டிருக்க, மெல்லிய வளையும் கேமராவைக் குரல்நாண்கள் நடுவே இறக்கி, அதன் மேலேயே குழாயை நழுவவிட்டு, திரையில் கரியமில வாயு அலை வந்த பிறகுதான் (குழாய் சரியான இடத்தில் இருக்கிறது என்பதற்கு அதுதான் அடையாளம்) தூக்க மருந்து. 1967-இல் இங்கிலாந்தில் முதல்முதலில் இப்படி வளையும் கருவியை வைத்து மூக்கு வழியாகக் குழாய் போட்டவர் பித்தநாளம் பார்க்கும் கருவியைக் கொண்டுதான் செய்தார். இதற்கு 'விழிப்புநிலைக் குழாய்ச்செருகல்' என்று பட்டியலில் இருக்கிறது. செருகல் என்றாலே கத்திதான் கண்ணில் வருகிறது, ஏற்கெனவே பயந்துபோய் உட்கார்ந்திருப்பவரிடம் சொல்ல வாய் வராது. 'விழிப்பில் குழாயிடல்' என்று மாற்றுங்கள்.

குழாயும் போகவில்லை, ஆக்சிஜனும் போகவில்லை என்ற நிலைக்கு மட்டும் என்னிடம் சொல் இல்லை. அது ஆபரேஷன் தியேட்டரில் கத்திச் சொல்ல வேண்டியது, இரண்டு மூன்று அசைக்கு மேல் போகக் கூடாது, நர்ஸம்மா காதில் விழுந்ததும் கழுத்தைக் கீறக் கத்தியை எடுத்துக் கொடுக்கக் கை போக வேண்டும். 'இரட்டையடைப்பு' என்று யோசித்தேன், அடைப்பு என்றால் சளி என்று நினைத்து அதை உறிஞ்சும் சக்‌ஷன் குழாயை எடுத்து நீட்டுவார்கள். குறுகலாக ஏதாவது தோன்றினால் எழுதுங்கள். நாளை எனக்கு நைட் டியூட்டி, மறுநாள் பதில் போடுகிறேன்.