அமால்ஃபி கடற்கரை: பெற்றோருடன் செட்டாராவில் தங்கலாமா?

பயணப்பை: செப்டம்பரில் அப்பா அம்மாவோடு இத்தாலி போகிறேன். ரோம் முடித்துத் தெற்கே சில நாள் கடலோரம் இருக்க ஆசை. எல்லாரும் பொசிட்டானோ என்கிறார்கள், அங்கே அறை வாடகையைப் பார்த்தால் தலை சுற்றுகிறது. அதே கடற்கரையில் செட்டாரா என்று ஒரு மீனவ ஊர் இருக்கிறதாம். அங்கே தங்கலாமா? அப்பா மீன் பிரியர், அம்மா சுத்த சைவம்.

நெத்திலி_ரசிகன்: தாராளமாகத் தங்கலாம். சலேர்னோவுக்கும் அமால்ஃபிக்கும் நடுவே, சலேர்னோ பக்கம் இருக்கும் ஊர். மக்கள்தொகை சுமார் 2,000. இன்னும் நிஜமான மீன்பிடித் துறை அது, டூனா பிடிக்கும் பெரிய படகுகளே அங்கே உண்டு.

அப்பாவுக்காக ஒன்று சொல்கிறேன், கொலாத்தூரா. வசந்தம் தொடங்கிக் கோடை வரை பிடிக்கிற நெத்திலியைத் தலை கிள்ளி, குடல் எடுத்து, மரப் பீப்பாயில் ஓர் அடுக்கு மீன், ஓர் அடுக்கு உப்பு என்று போட்டு, மேலே கல்லை ஏற்றிவிடுவார்கள். மாதக்கணக்கில் ஊறி வடிகிற தேன்நிறச் சாறுதான் அது. பழைய ரோமானியர்களின் ‘காரும்’ (garum) என்ற மீன் சாற்றுக்கு வாரிசு என்பார்கள். 2020இல் ஐரோப்பிய ஒன்றியம் அதற்குப் புவிசார் பாதுகாப்புக் கொடுத்தது. ஸ்பகெட்டியை உப்பில்லாத தண்ணீரில் வேகவைத்து, பூண்டு, ஆலிவ் எண்ணெய், பார்ஸ்லியோடு இதைச் சூடுபண்ணாமல் அப்படியே விட்டுப் பிரட்டுவார்கள். தண்ணீரிலும் உப்பைப் போட்டால் வாயில் வைக்க முடியாது!

ராஜி_ஊர்சுற்றி: சாறு பிரமாதமாகவே இருக்கட்டும் தம்பி. அதற்காக அங்கேயே மூட்டையை இறக்கணுமா? ஓடு பதித்த குவிமாடத்தோடு சான் பியெத்ரோ தேவாலயம், கடலோரக் காவல் கோபுரம், துக்கடா கடற்கரை. அரை நாளில் ஊர் முடிந்தது. அமால்ஃபியில் 11ஆம் நூற்றாண்டில் கான்ஸ்டான்டிநோபிளில் வார்த்த வெண்கலக் கதவோடு கதீட்ரல் இருக்கிறது, பழைய ஆலைக்குள்ளேயே காகித அருங்காட்சியகம் இருக்கிறது, மேலே ஏறினால் ராவெல்லோ என்ற மலை ஊர். வாழ்நாளில் ஒருமுறை இத்தாலி வருகிறவர்களுக்கு நெத்திலிப் பீப்பாயா காட்டுவது?

நெத்திலி_ரசிகன்: அந்தக் கதவுக்கு ஏற வேண்டிய படிக்கட்டைச் சொல்லாமல் விட்டுவிட்டீர்களே அக்கா! அறுபது வயதுக்கு மேல் முட்டிதானே ஊரைத் தீர்மானிக்கிறது. பொசிட்டானோ முழுக்கப் படிதான். செட்டாராவில் துறைமுகத்திலிருந்து உள்ளே போகும் பெரிய தெருவில் மெதுவான ஏற்றம் மட்டுமே. தவிர, ‘பார்க்க ஒன்றுமில்லை’ என்பதுதான் அந்த ஊரின் லாபம். சாயங்காலம் துறைமுகத்தில் உட்கார்ந்தால் பக்கத்தில் இருப்பவர் உள்ளூர்க்காரராக இருப்பார். பொசிட்டானோவில் அவரும் உங்களைப் போல ஊர் பார்க்க வந்தவர்தான்.

ராஜி_ஊர்சுற்றி: பெரிய தெரு சரி. வாடகைக்கு விடும் அறைகளில் பல மேலே, சந்துப் படிகளில். பதிவு செய்யும்போது படத்தில் கடல் தெரியும், படி தெரியாது. லிஃப்ட் உண்டா, எத்தனை படி என்று எழுதிக் கேட்டு வாங்குங்கள்.

தயிர்சாதம்: யாரும் அம்மாவைப் பற்றிப் பேசவில்லையே? அந்த ஊரில் காய்கறித் தட்டிலும் நெத்திலி ஒளிந்திருக்கும். “சென்சா பேஷே, சென்சா அலிச்சி” (மீனும் வேண்டாம், நெத்திலியும் வேண்டாம்) என்று அழுத்திச் சொல்லணும். கண்டிப்பான சைவமென்றால் பர்மிஜானோ சீஸும் ஆகாது, கன்றுக்குட்டியின் இரைப்பையில் எடுக்கும் நொதியில்தான் பாலைத் திரிக்கிறார்கள். தக்காளி பாஸ்தாவைச் சீஸ் தூவாமல் கேட்டால் பிழைத்தார்.

என் யோசனை, இரண்டு ஊரும் வேண்டாம். சலேர்னோவில் தங்குங்கள். ரோமிலிருந்து அதிவேக ரயில் நேராக வருகிறது. கடலோர நடைபாதை சமதளம், கடைகளும் நிறைய. செப்டம்பரில் படகு ஓடும், ஒரு பகல் செட்டாரா, ஒரு பகல் அமால்ஃபி.

நெத்திலி_ரசிகன்: பகலில் வந்து போனால் செட்டாராவின் பாதிதான் கிடைக்கும். இருட்டிய பிறகுதான் ஊரே தெருவுக்கு வரும்.

ராஜி_ஊர்சுற்றி: இதில் நான் தயிர்சாதம் கட்சி. ஒன்று மட்டும், கடல் பொங்கினால் படகு நிற்கும், அப்புறம் பஸ்தான். டிக்கெட்டை ஏறுவதற்கு முன்பே புகையிலைக் கடையில் வாங்கி வையுங்கள். வாடகைக் கார் எடுக்கும் எண்ணமிருந்தால் கைவிடுங்கள். மலை விளிம்பில் அந்த 163ஆம் எண் சாலையில் எதிரே பஸ் வந்தால் ரிவர்ஸ் எடுக்க வேண்டியவர் நீங்கள்.

பயணப்பை: சலேர்னோவில் அறை பார்க்கிறேன். அப்பா மட்டும் இப்போதே கேட்கிறார், அந்தச் சாற்றை செக்-இன் பெட்டியில் எத்தனை பாட்டில் வைக்கலாமென்று.

தயிர்சாதம்: ஒன்று. அதையும் மூன்று பிளாஸ்டிக் பையில் கட்டுங்கள், அம்மாவின் புடவை இல்லாத பெட்டியில்.