மறு: ட்ரிப் பிளாங்க் – "பயண வெற்று" சரியா?

எல்லாருக்கும் வணக்கம்,

தண்ணி சாம்பிள் குப்பிங்களோட திறக்காமலே கூடப் போய்ட்டு வர்ற சுத்தத் தண்ணிக் குப்பிக்கு ட்ரிப் பிளாங்க்னு பேரு, அதைத் தமிழ்ல "பயண வெற்று"ன்னு சொல்லலாமான்னு இங்க ஒரு கேள்வி வந்திருந்துச்சு. அது வேண்டாம்னு நான் சொல்றது இலக்கணத்துக்காக இல்லைங்க, பட்ட பாடு. தண்ணி சாம்பிள் எடுக்கப் போறவங்களுக்கு ஒரு பக்கக் குறிப்பு தமிழ்ல எழுதிக் கொடுத்தேன், அதுல "வெற்று மாதிரியை மற்ற குப்பிகளுடன் ஐஸ் பெட்டியில் வைக்கவும்"னு போட்டிருந்தேன். ஒரு தம்பி அதைப் படிச்சுட்டு, லேப்ல நிரப்பி அனுப்புன சுத்தத் தண்ணியக் கீழ ஊத்திட்டு, காலிக் குப்பிய மூடி, லேபிள் எல்லாம் அழகா ஒட்டி வெச்சிருந்தான். அவனை என்னன்னு திட்டுறது? வெத்துப் பேப்பர், வெத்து உடம்புன்னா என்ன அர்த்தமோ அதைத்தான் செஞ்சான். "பிளாங்க்னே விட்டுடலாமே"ங்கறவங்களுக்கும் இதே பதில்தான், பிளாங்க் செக் தெரிஞ்சவனுக்கு பிளாங்க்னாலும் காலிதான்.

அந்தக் குப்பியோட வேலையப் பாத்தா பேரு தானா வரும். கரைப்பான் எதுவும் இல்லாத தண்ணிய 40 மில்லி கண்ணாடிக் குப்பில காத்துக்குமிழ் இல்லாம நிரப்பி லேப்லயே மூடிடுவாங்க, அது சாம்பிள் எடுக்குற இடத்துக்குப் போகும், பெட்டிக்குள்ளயே உக்காந்திருக்கும், யாரும் திறக்கக்கூடாது, மத்த குப்பிங்களோடயே திரும்பி வரும். ட்ரைகுளோரோஎத்திலீன், டைகுளோரோமீத்தேன் மாதிரி சீக்கிரம் ஆவியாகுற கரைப்பான் சரக்கெல்லாம் தண்ணிய விட்டு ஓடிப்போற மாதிரியே வெளியில இருந்து உள்ளயும் பூந்துடும், மூடியில இருக்குற செப்டம்ங்கற மெல்லிய அடைப்பு வில்லை வழியாவே ஊடுருவும். நாம தேடுறதோ துளியூண்டு, அமெரிக்காவுல குடிதண்ணில ட்ரைகுளோரோஎத்திலீனுக்கு வரம்பே லிட்டருக்கு 5 மைக்ரோகிராம்தான், அதாவது நூறு கோடில அஞ்சு பங்கு. அதனால திறக்காத குப்பிலயும் அதே சரக்கு தெரிஞ்சா சாம்பிள் எடுத்த கிணத்து மேல பழி போட முடியாது, வழியில ஏறியிருக்கலாம், லேப்லயே கூட ஏறியிருக்கலாம்.

கூடவே போய்க் கூடவே வர்றதால "வழித்துணைக் குப்பி"ன்னு வெச்சா என்ன? துணைன்னா துணைவேந்தர் மாதிரி இரண்டாம் பட்சம்னு ஆயிடும்னு ஒருத்தர் எழுதியிருந்தார், ஆனா வழித்துணைங்கறது ஒரே சொல்லாத்தான் காதுல விழுது, அதை யாரும் பிரிச்சுப் பாக்க மாட்டாங்க.

"சாட்சிக் குப்பி"ன்னு வந்த யோசனை எனக்கு ரொம்பப் பிடிச்சது, உண்மையச் சொல்லப்போனா என்னோடதை விட அழகு. சிக்கல் என்னன்னா எங்க சாம்பிள் படிவத்துலயே "சாட்சி கையொப்பம்"னு ஒரு கட்டம் இருக்கு, ஒரே தாள்ல ரெண்டு சாட்சி வந்தா குழப்பம்தான்.

இப்ப மிச்சம் இருக்கறது ஃபீல்டு பிளாங்க். அது வேற ஜாதி, சாம்பிள் எடுக்குற இடத்துலயே சுத்தத் தண்ணிய ஒரு குப்பில ஊத்தி மூடுறது, அங்கத்த காத்துல இருந்தோ கையில இருந்தோ ஏதாவது ஏறுதான்னு பாக்க. அதுக்கு இதே ஜோடில "களத்துணை"ன்னு போடலாம்னு பாத்தேன், வீட்ல சொன்னா "கூட வர்ற ஹெல்பரா?"ன்னு கேக்குறாங்க. அதுக்கு யாராவது நல்ல சொல்லாக் குடுங்க, குப்பியத் திறந்து ஊத்துறோம்ங்கறது சொல்லுலயே தெரியணும்.

அதுவரைக்கும் அடுத்த குறிப்புல "வழித்துணைக் குப்பி – தண்ணீர் உள்ளது, திறக்காதீர்"னு பெரிய எழுத்துல போட்டு அனுப்பப் போறேன். அந்தத் தம்பிகிட்டதான் முதல்ல குடுத்துப் படிக்கச் சொல்லணும்.