மருத்துவமனை சாப்ளின் பணியும் பாடகர் குழுப் பொறுப்பும்: இரண்டையும் தாங்குவது எப்படி?

கேள்வி

அனைவருக்கும் ஸ்தோத்திரம். நான் ஒரு பெரிய மருத்துவமனையில் ஆறு ஆண்டுகளாகச் சாப்ளினாக, அதாவது நோயாளிகளுக்கும் குடும்பத்தாருக்கும் ஆன்மிகத் துணை நிற்கும் ஊழியராக, பணிபுரிகிறேன். அதற்கு முன்பிருந்தே எங்கள் திருச்சபையின் பாடகர் குழுவை நடத்தி வருகிறேன். ஆர்கன் வாசிப்பவர் வராத ஞாயிறுகளில் அந்த இருக்கையிலும் நானே அமர்கிறேன். வார்டுகளைச் சுற்றி வருவது, அறுவைச் சிகிச்சைக்கு முன் ஜெபிக்கக் கேட்பவர்களைப் பார்ப்பது, வாரத்தில் இரண்டு இரவுகள் அழைப்பு வந்தால் எழுந்து ஓடுவது என்று என் வேலைக்கு நேரக் கணக்கே கிடையாது.

சென்ற வியாழக்கிழமை மாலை தீவிர சிகிச்சைப் பிரிவில் ஓர் இளம் தாய் இறந்துபோனார். அவருடைய கணவர் சுவரோரம் தரையில் அமர்ந்து என் கையைப் பிடித்தவர், வெகுநேரம் விடவில்லை. பாடல் பயிற்சி ஏழு மணிக்கு. ஏழே முக்காலுக்கு நான் போய்ச் சேர்ந்தபோது பதினெட்டுப் பேரும் பாடல் தாள்களை மடியில் வைத்துக்கொண்டு காத்திருந்தார்கள். ஒருவரும் முகம் சுளிக்கவில்லை. முதல் சுருதியைக் கொடுக்க வாயைத் திறந்தேன். தொண்டை அடைத்துக்கொண்டது, குரல் எழவே இல்லை.

பெரிய வெள்ளிக்கு இன்னும் ஐந்து வாரங்களே உள்ளன. இரண்டில் ஒன்றை விட்டுவிடும்படி வீட்டில் சொல்கிறார்கள், எனக்கோ இரண்டையும் விட மனமில்லை. இத்தகைய நிலையில் இருந்தவர்கள் எப்படிச் சமாளித்தீர்கள் என்று சொன்னால் பேருதவியாக இருக்கும்.

மறுமொழி: ஆர்கன் வாசிப்பவர்

சகோதரி, பயிற்சிக்கு நீங்கள் தாமதமாகப் போனதைவிட, நீங்கள் வரும்வரை பதினெட்டுப் பேர் பாடாமல் காத்திருந்தார்கள் என்பதே என் மனத்தை உறுத்துகிறது. உங்கள் குழு உங்களை நேசிக்கிறது; ஆனால் நீங்கள் இல்லாமல் தொடங்க அதற்கு யாரும் பழக்கிக் கொடுக்கவில்லை. சொப்ரானோ, ஆல்ட்டோ, டெனர், பேஸ் ஆகிய நான்கு குரல்களுக்கும் ஒவ்வொருவரைப் பொறுப்பாக நியமித்து, அந்தந்தக் குரலின் பகுதியைத் தனியாகப் பாடிப் பதிவு செய்து அவர்களிடம் கொடுத்துவிடுங்கள். சரியாக ஏழு மணிக்கு அவர்கள் தங்கள் பகுதியைத் தொடங்கட்டும், நீங்கள் வரும்போது நான்கையும் இணைக்கும் வேலை மட்டுமே மீதி இருக்கும்.

வேதாகமத்தில் 1 நாளாகமம் 25-ஆம் அதிகாரத்தை நிதானமாக வாசித்துப் பாருங்கள். ஆலயத்தில் பாடத் தேர்ந்தவர்கள் 288 பேர். அவர்களைப் பன்னிருவர் பன்னிருவராக 24 பிரிவாக்கி, சீட்டுப் போட்டு முறை வகுத்தார்கள். தேறினவனும் கற்கிறவனும் ஒரே முறையில் சீட்டுப் போட்டார்கள் என்பதையும் அங்கே காணலாம். உங்களிடம் இருப்பது பதினெட்டுப் பேர்தான் என்றாலும், முறை வைத்துக்கொள்ள அது போதும்.

அடுத்து, பாடல் தேர்வு. உங்கள் சபை மூன்று ஆண்டுச் சுழற்சியிலான வேதபாட அட்டவணையைப் பின்பற்றுமானால், ஒவ்வொரு ஞாயிற்றுக்கும் உரிய பகுதி வெகு முன்பே தெரிந்துவிடும். ஆகவே ஓய்வாக இருக்கும் ஒரு நாளில் உட்கார்ந்து மூன்று மாதத்துக்கான பாடல்களைக் குறித்துவிடலாம். புதிய ராகங்களைக் கற்பிக்க நேரமில்லாத காலங்களில் பாடல் அளவுகள், அதாவது ஒவ்வோர் அடியிலும் எத்தனை சிலபிள் (உச்சரிப்பு அசை) என்ற கணக்கு, கைகொடுக்கும். பல பாடல் புத்தகங்களின் இறுதியில் அளவு அட்டவணை ஒன்று இருக்கும். நான்கு அடிகளும் எட்டெட்டு சிலபிள் உள்ளவை நீண்ட அளவு. 8, 6, 8, 6 என்று வருபவை பொது அளவு. 6, 6, 8, 6 என்று வருபவை குறுகிய அளவு. ஓர் அளவில் குழு நன்கு அறிந்த இரண்டு ராகங்கள் இருந்தால், அதே அளவில் அமைந்த புதிய வரிகளை அந்த ராகத்திலேயே பாடிவிடலாம். அழுத்தம் விழும் இடங்கள் பொருந்துகின்றனவா என்று மட்டும் முதலில் வாய்விட்டுப் பாடிப் பாருங்கள். பொருந்தாவிட்டால் சொல் சிதைந்து கேட்கும். லெந்து காலம் (ஈஸ்டருக்கு முந்தைய தவக்காலம்) முழுவதையும் நான் ஒருமுறை நான்கே ராகங்களில் நடத்தியிருக்கிறேன், சபையார் வழக்கத்தைவிட உரக்கப் பாடினார்கள்.

மறுமொழி: ஓய்வுபெற்ற சாப்ளின்

அன்பு மகளே, உன் குரல் எழாமல் போனதை உன் குறையாக எண்ணாதே. அழுகையை அடக்கும்போது குரல்வளைத் திறப்பு விரிந்தே நிற்க முயல்கிறது. விழுங்குவதற்கோ அது மூடியாக வேண்டும். இந்த இழுபறிதான் தொண்டையில் ஏதோ கட்டி நிற்பதுபோலத் தோன்றுகிறது. அந்நேரத்தில் உயர்ந்த சுரங்களைப் பிடிக்க முயன்றால் குரல் இன்னும் இறுகும். நான் பணியில் இருந்த நாட்களில், மரணப்படுக்கையிலிருந்து நேராக ஆலயத்துக்குப் போவதில்லை என்று ஒரு விதி வைத்திருந்தேன். கைகளைக் கழுவி, அடையாள அட்டையைக் கழற்றிப் பையில் வைத்து, வெதுவெதுப்பான நீர் குடித்து, உதடுகளை மூடித் தாழ்ந்த சுருதியில் பத்து நிமிடம் ஹம் செய்தபடி நடப்பேன். சில நாட்களில் அந்தப் பத்து நிமிடத்தில் அழுதும் இருக்கிறேன். அதற்குப் பிறகு குரல் வந்தது.

படுக்கையருகே பாடுவதைப் பற்றியும் சொல்ல வேண்டும். நோயாளியிடமோ குடும்பத்தாரிடமோ கேட்காமல் ஒருபோதும் தொடங்காதே. பக்கத்துக் கட்டிலில் இருப்பவர் வேறு நம்பிக்கை கொண்டவராகவோ, அப்போதுதான் கண்ணயர்ந்தவராகவோ இருக்கலாம். திரைக்கு வெளியே கேளாத குரலில், கருவி இல்லாமல், ஒரு சரணம் போதும். அவருடைய மூச்சின் வேகத்துக்கு உன் பாட்டின் வேகத்தை இறக்கிக்கொள். கனடாவில் நடந்த ஓர் ஆய்வு 2020-இல் வெளிவந்தது: உயிர் பிரியும் நேரத்தில் நினைவிழந்திருந்த சிலருடைய மூளை, ஒலியில் ஏற்படும் மாற்றத்துக்கு அப்போதும் பதில் தருவதை மூளையின் மின் அலைப் பதிவுகள் காட்டின. அவர்கள் புரிந்துகொண்டார்கள் என்று அது சொல்லவில்லை. ஆயினும் நான் பாடியதற்கு எனக்கு அது போதும்.

இன்னொன்று: பயிற்சியில் தாமதத்துக்குக் காரணம் சொல்லும்போது நோயாளியைப் பற்றிய விவரம் வாயில் வந்துவிடும், ஜெபக் குறிப்பாகக்கூட. பெயர் சொல்லாவிட்டாலும் வார்டும் வயதும் சொன்னால் ஆளை அடையாளம் கண்டுவிடுவார்கள். “ஒரு குடும்பத்தோடு இருந்துவிட்டு வருகிறேன்” என்பதற்கு மேல் தேவையில்லை.

மறுமொழி: செவிலியர், ஆல்ட்டோ

நான் சற்று மாறுபடுகிறேன், அக்கா. 1 நாளாகமம் 9:33-இல் ஆலயப் பாடகர்கள் இரவும் பகலும் தங்கள் வேலையில் இருந்தபடியால் மற்ற வேலைகளுக்கு நீங்கலாக்கப்பட்டிருந்தார்கள் என்று வாசிக்கிறோம். பாடுவதே ஒரு முழு ஊழியம் என்று அறிந்தவர்கள் செய்த ஏற்பாடு அது. நீங்கள் முழு நேரம் ஒரு வேலையில் நிற்கும்போது, இன்னொரு முழு வேலையின் தலைமையையும் சுமப்பது எத்தனை நாளைக்கு? நான் இரவுப் பணிக்கு மாறியபோது குழுவின் பொறுப்பை ஒப்படைத்துவிட்டு, மூன்றாம் வரிசையில் ஆல்ட்டோவாக நின்றேன். யாரும் என்னிடம் எதையும் கேட்காத ஒரு மணி நேரம் வாரத்தில் அது ஒன்றுதான். முதல் மாதம் வருத்தமாக இருந்தது. பிறகு, வெகு நாட்களுக்குப் பின் பாடல் வரிகள் என் காதிலேயே விழுந்தன.

கேட்டவரின் பதில்

மூவருக்கும் மனமார்ந்த நன்றி. செவிலியர் தங்கை எழுதியதை இரண்டு முறை வாசித்தேன், இரண்டு முறையும் கண் கலங்கியது. ஈஸ்டர் வரை தலைமையை விட முடியாது; அதற்குப் பின் எங்கள் டெனர் தம்பியிடம் ஒப்படைப்பதாக நேற்றே பேசிவிட்டேன். வியாழக்கிழமை இரவு அழைப்புப் பணியைச் சக சாப்ளின் திங்கட்கிழமைக்கு மாற்றிக்கொண்டார். நேற்றுப் பயிற்சிக்கு இருபது நிமிடம் பிந்திப் போனேன். படிக்கட்டில் ஏறும்போதே பேஸ் குரல்கள் கேட்டன. மூன்றாவது வரியில் தவறாகத்தான் பாடிக்கொண்டிருந்தார்கள். கதவருகே நின்று அந்தச் சரணம் முடியும்வரை கேட்டுவிட்டு உள்ளே போனேன்.