ரிடையர்மென்ட் விசாவுக்குப் பணம் காட்டப் போனீர்களா? உங்கள் அனுபவத்தைச் சொல்லுங்கள்

தோப்புக்காரர், பொள்ளாச்சி:

தாய்லாந்து, 50 வயதுக்கு மேல், அந்த ஊர் பேங்க் கணக்கில் 8 லட்சம் பாத் இரண்டு மாதம் குறையாமல் கிடக்க வேண்டும். இதெல்லாம் உங்களுக்கே தெரியும், நேராக விஷயத்துக்கு வருகிறேன்.

2024 ஜனவரியில் நானும் வீட்டுக்காரம்மாவும் சியாங் மாய் போனோம். பையன் அங்கேதான் வேலையில் இருக்கிறான். 90 நாள் நான்-ஓ விசா, அது முடிவதற்குள் அங்கேயே நீட்டிக்க வேண்டும். அங்கே கணக்குத் திறந்து, ஊர் பேங்கிலிருந்து சரியாக 8,00,000 பாத் வருகிற மாதிரி அனுப்பினேன். அன்றைய விலைக்கு ஏறக்குறைய 19 லட்சம் ரூபாய். ஜனவரி 16 அன்று பாஸ்புக்கில் விழுந்தது 7,99,350. நடுவில் ஏதோ ஒரு பேங்க் கட்டணம் பிடித்திருக்கிறது. 650 பாத்தானே என்று விட்டுவிட்டேன். பையன் சத்தம் போட்ட பிறகு 25-ஆம் தேதி 1,000 பாத் கட்டினேன்.

மார்ச் 21 அன்று விசா நீட்டிப்புக்குக் குடியேற்ற அலுவலகம் போனோம். கவுன்டரில் இருந்த பெண் பாஸ்புக்கைத் திருப்பித் திருப்பிப் பார்த்தது. பிறகு ஒரு பென்சிலை எடுத்து அந்த 7,99,350-ஐச் சுற்றி மெதுவாக ஒரு வட்டம் போட்டது. மேஜைக் காலண்டரில் பென்சில் முனையால் நாள் எண்ணியது. ஜனவரி 25-லிருந்து. கோபமே இல்லை அந்த முகத்தில், பள்ளிக்கூடத்தில் கணக்கு திருத்துகிற மாதிரி இருந்தது. "இரண்டு மாதம் ஆகவில்லை" என்று எழுதிக் காட்டிவிட்டு அடுத்த ஆளைக் கூப்பிட்டது.

விசா முத்திரை மார்ச் 30 வரை இருந்ததால் தப்பித்தேன். 26-ஆம் தேதி மறுபடி போய் 1,900 பாத் கட்டி வாங்கிவிட்டேன். ஒரு வாரம் தள்ளிப் பணம் கட்டியிருந்தால் மொத்தமும் போயிருக்கும். அந்தப் பென்சில் வட்டம் இன்னும் பாஸ்புக்கில் இருக்கிறது, அழிக்கவில்லை.

இன்னொன்று, வெளிநாட்டுக்குப் பணம் அனுப்பியதற்கு ஊர் பேங்க் வரியாகப் பிடித்த 2,40,000 ரூபாய், டி.சி.எஸ். என்கிறார்கள். தேங்காய் விற்ற காசு அது. வரி என்று போனது போனதுதான்.

கட்டிங் டேபிள், திருப்பூர்:

அண்ணா, உங்களுக்கு 650 பாத்தில் முடிந்தது. எங்களுக்கு விதியே மாறிப்போனது.

மலேசியா செகண்ட் ஹோம், அங்கே நீண்ட நாள் தங்குவதற்கு அந்த அரசாங்கம் தருகிற விசாத் திட்டம். 2019-இல் விசாரித்தபோது 50 தாண்டியவர்களுக்கு 1,50,000 ரிங்கிட் வைப்பு, மாதம் 10,000 ரிங்கிட் வருமானம். அக்கா குடும்பம் பினாங்கில் இருக்கிறது, பனியன் கம்பெனியைத் தம்பியிடம் விட்டுவிட்டுப் போய்விடலாம் என்று முடிவு செய்தோம். 2020-இல் திட்டத்தையே நிறுத்தி வைத்தார்கள். திறந்தால் முதல் ஆளாகப் போட வேண்டும் என்று அவிநாசி பக்கம் இருந்த எட்டு சென்ட் இடத்தை விற்று ரொக்கம் வைத்திருந்தேன்.

2021 ஆகஸ்ட். கட்டிங் டேபிளில் துணி விரித்துக்கொண்டிருக்கிறோம். அக்கா மகன் வாட்ஸ்அப்பில் செய்தி அனுப்புகிறான்: வைப்பு 10 லட்சம் ரிங்கிட், மாத வருமானம் 40,000. ஒரு சைபர் கூடப் போட்டுவிட்டான் என்று நினைத்து, "சரியா பார்த்து அனுப்பு கண்ணு" என்று பதில் போட்டேன். அவன் மறுபடி அதையே அனுப்பினான். கத்தரி இயந்திரம் ஓடிக்கொண்டே இருந்தது, எனக்கு ஒன்றும் கேட்கவில்லை.

2024-இல் வெள்ளி, தங்கம், பிளாட்டினம் என்று மாற்றினார்கள். வெள்ளிக்கே 1,50,000 டாலர் வைப்பு, அதோடு 6 லட்சம் ரிங்கிட்டுக்கு வீடும் வாங்க வேண்டும். விட்டுவிட்டோம். விற்ற இடத்தின் இன்றைய விலையை வீட்டில் யாரும் பேசுவதில்லை.

மஞ்சள் மண்டி, ஈரோடு:

பொள்ளாச்சி அண்ணா, "போனது போனதுதான்" என்று எழுதியிருக்கிறீர்களே, அது தப்புங்க. இதைப் படித்துவிட்டு நாலு பேர் பணத்தை விட்டுவிடுவார்கள், அதனால்தான் எழுதுகிறேன்.

என் கதை சின்னது. மச்சானுக்கு உங்களைப் போலவே பிடித்தார்கள். ஆடிட்டர் மேஜையில், நம் பேரில் பிடித்த வரியைக் காட்டுகிற 26ஏஎஸ் படிவத்தை எடுத்துப் பார்த்தால், பிடித்த தொகை முழுக்க அவர் பான் எண்ணில் உட்கார்ந்திருக்கிறது. "மாமா, இது என் பேருல தான் இருக்குது" என்று விரலை வைத்துக்கொண்டே இருந்தார். கணக்குத் தாக்கல் செய்தார், திரும்பி வந்தது.

டி.சி.எஸ். என்பது முன்கூட்டி வாங்கி வைக்கிற பணம். நம் ஊர் விவசாயிகள் மாட்டுவது எங்கே என்றால், விவசாய வருமானத்துக்கு வரி கிடையாது, அதனால் ரிட்டர்னே போடுவதில்லை. ரிட்டர்ன் போடாமல் ரீஃபண்ட் வராது. தாமதமாகப் போடுவதற்கும் டிசம்பர் 31 தான் எல்லை. அதற்குப் பிறகு போடுகிற புதுப்பித்த ரிட்டர்னில் ரீஃபண்ட் கேட்க முடியாது. உங்கள் விஷயத்தில் தேதி தாண்டியிருந்தால், தாமதத்தை மன்னிக்கச் சொல்லி வருமான வரித்துறைக்கு மனு கொடுக்கலாம். தோப்புக் கணக்கு, பட்டா, தேங்காய் விற்ற ரசீது எல்லாம் எடுத்துக்கொண்டு ஆடிட்டரைப் பாருங்கள். நாளைக்கே.

இனி அனுப்பப் போகிறவர்களுக்கு: டி.சி.எஸ். பிடிக்காமல் அனுப்பக்கூடிய 7 லட்சம் ரூபாய் என்ற வரம்பு 2025 ஏப்ரல் 1 முதல் 10 லட்சமாகிவிட்டது. இது நிதியாண்டுக்குக் கணக்கு. 19 லட்சம் அனுப்ப வேண்டுமென்றால் பாதியை மார்ச் 31-க்கு முன், மீதியை ஏப்ரலில் அனுப்பினால் பிடித்தமே இல்லை. ஆனால் இரண்டாவது பாதி சேர்ந்த நாளிலிருந்துதான் அங்கே இரண்டு மாதம் எண்ணுவார்கள், அதை யோசித்து விசா தேதியை வையுங்கள். மனைவியின் பான் எண்ணில் பாதி அனுப்பலாமே என்று தோன்றும், அது சரிவராது. விசா கேட்பவர் பெயரில் கணக்கு தனியாக இருக்க வேண்டும், கூட்டுக் கணக்கு சிக்கல். ஆளுக்கு வருடம் 2,50,000 டாலர் வரை ரிசர்வ் வங்கி அனுமதிக்கிறது, அந்தப் பக்கம் கவலை இல்லை.

அனுப்பும்போது பத்தாயிரம் பாத்தாவது கூட வைத்து அனுப்புங்க. நடுவில் பிடிப்பார்கள் என்று தெரிந்த விஷயம்தானே.

வாத்தியார், கோபி:

எனக்குப் பணமோ நாளோ பிரச்சினை இல்லை, இனிஷியல்தான்.

மகள் லிஸ்பனில். போர்ச்சுகல் டி7 விசா, ஓய்வூதியம் இருந்தால் போதும் என்றாள். அங்கே குறைந்தபட்சச் சம்பளம் எவ்வளவோ அவ்வளவு மாத வருமானம் காட்ட வேண்டும், 2024-இல் அது 820 யூரோ. மனைவிக்கு அதில் பாதி சேர்த்தால் மாதம் 1,230. 34 வருடம் பள்ளிக்கூடத்தில் வேலை பார்த்தவன், ஓய்வூதியமும் வீட்டு வாடகையும் சேர்த்தால் தாராளமாக வருகிறது.

விண்ணப்ப மையத்தில் இருந்த பையன் மூன்று தாள்களை வரிசையாக வைத்தான். ஓய்வூதிய ஆணையில் முன்னால் ஒரு இனிஷியல். பேங்க் ஸ்டேட்மென்டில் அதே இனிஷியல் பின்னால். பாஸ்போர்ட்டில் அப்பா பெயர் முழுதாக, குடும்பப் பெயர் என்ற இடத்தில். "சார், இந்த மூணு பேரும் யாரு?" என்று கேட்டான். கிண்டலாக இல்லை, மெய்யாகவே கேட்டான்.

எனக்குத் தொண்டை அடைத்துவிட்டது. எத்தனையோ பிள்ளைகளுக்கு மாற்றுச் சான்றிதழில் இனிஷியல் சரி பார்த்துக் கையெழுத்துப் போட்டவன் நான். அப்பாவின் பெயர் குடும்பப் பெயர் ஆகிவிட்டதால், அந்தத் தாளின்படி சம்பளம் வாங்கியது அவர், விசா கேட்பதும் அவர். அவர் கோபியைத் தாண்டி ஈரோடு சந்தைக்குப் போனதுதான் தூரம்.

மூவரும் ஒருவரே என்று நோட்டரி முன் உறுதிமொழிப் பத்திரம் எழுதி, பேங்கில் பெயரை மாற்றி, மறுபடி போய்க் கொடுத்தேன். இரண்டு மாதம் ஆனது.

தோட்டம், காங்கேயம்:

எல்லாருக்கும் ஒன்று கேட்கிறேன், மனசு பொறுக்காமல்தான் கேட்கிறேன். 19 லட்சத்தை அங்கே கொண்டுபோய் தொடாமல் வைப்பதற்கு இங்கேயே இருந்தால் என்ன? எங்கள் அப்பாரு 91 வயது வரை கட்டுத்தறிக்குப் போய்விட்டுத்தான் காப்பி குடிப்பார். வயதான காலத்தில் நம்மைத் தெரிந்தவர்கள் பக்கத்தில் வேண்டும். திருப்பூர் அண்ணனுக்கு விதி மாறியது நல்லதுக்கே என்று நினைக்கிறேன்.

கட்டிங் டேபிள், திருப்பூர்:

நல்லதுக்கு என்று நீங்கள் சொல்லாதீர்கள். அக்காவுக்கு இரண்டு சிறுநீரகமும் போய்விட்டது, டயாலிசிஸுக்குக் கூட்டிப்போக அங்கே ஆள் இல்லை. அதற்காகத்தான் கேட்டோம்.

தோட்டம், காங்கேயம்:

தெரியாமல் எழுதிவிட்டேன் அண்ணா. மன்னிச்சுக்குங்க.

தோப்புக்காரர், பொள்ளாச்சி:

ஈரோட்டுக்காரருக்கு நன்றி. ஆடிட்டரைப் பார்த்துவிட்டேன். எனக்கு டிசம்பர் 31 தாண்டிவிட்டது, மனுதான் வழி என்றார். பட்டாவும் மண்டி ரசீதும் கேட்டிருக்கிறார். மூன்று வருடத்து ரசீதை ஆணியில் குத்தி வைத்திருந்தேன், இன்று காலையில் உட்கார்ந்து தேதிவாரியாகப் பிரித்தோம். நடுவில் நாலைந்து எலி கடித்துப் போயிருக்கிறது. மண்டியில் நகல் கேட்டிருக்கிறேன்.

காங்கேயத்துக்கு: பணம் அங்கே சும்மா கிடப்பதில் எனக்கும் வருத்தம்தான். நீட்டிப்பு கிடைத்த பிறகும் மூன்று மாதம் 8 லட்சத்தில் கை வைக்கக் கூடாது, அப்புறமும் 4 லட்சத்துக்குக் கீழே இறங்கக் கூடாது. ஆனால் பேத்தி இப்போது நடக்கிறது. சாயங்காலம் ஐந்தரைக்கு மேல் என் கையைப் பிடித்துக்கொண்டு தெரு முனை வரைக்கும்.

கணக்கில் இப்போது 8,15,000 இருக்கிறது.