நான்கு சபைகள் சேரும் ஐக்கிய ஆராதனை: பாட்டும் சுருதியும் எப்படி அமைப்பது?

ஆல்டோ வரிசை (கேள்வி)
கிறிஸ்தவ ஒன்றிப்பு செப வாரத்தில் (ஜனவரி 18–25) சி.எஸ்.ஐ. (தென்னிந்தியத் திருச்சபை), டி.இ.எல்.சி. (தமிழ் லுத்தரன் சபை), கத்தோலிக்கப் பங்கு, பெந்தெகொஸ்தே சபை நான்கும் ஒரு மாலை கூடுகின்றன. இடம் பழைய கல் ஆலயம். பின்பக்க மாடியில் பைப் ஆர்கன். சுமார் 300 பேர், 75 நிமிடம். நற்கருணை கிடையாது, வாசிப்பு, ஜெபம், பாட்டு மட்டும். சபைக்கு இரண்டு பாட்டு என்று இப்போதைக்குப் பேச்சு. எங்கே இடிக்கும்?

பாமாலைப் பிரியர்
'சபைக்கு இரண்டு' என்பதிலேயே இடிக்கும். ஒரு குழு பாட, மற்ற மூன்று சபையும் உட்கார்ந்து கேட்கும், அது கச்சேரி. நான்கு பாடகர் குழுவிலிருந்தும் ஆறாறு பேரை எடுத்து ஒரே குழுவாக நிறுத்துங்கள். மொத்தம் ஆறு பாட்டு போதும்.

கூட்டத்தை இழுப்பவை இரண்டு வடிவங்கள். ஒன்று கீர்த்தனை: பல்லவி திரும்பத் திரும்ப வருவதால் புத்தகம் இல்லாதவரும் இரண்டாம் சுற்றில் சேர்ந்துவிடுவார். மற்றது கத்தோலிக்கரின் பதிலுரைப் பாடல்: ஒருவர் சங்கீத அடிகளைப் பாட, சபை ஒரே பல்லவியால் பதில் சொல்லும். பெந்தெகொஸ்தே சபையாருக்கும் இது உடனே பிடிபடும்.

பாமாலையை (மேற்கத்திய ராகத்தில் பாடும் சபைப் பாட்டை) எண் சொல்லி முடிவு செய்யாதீர்கள். புத்தகத்துக்குப் புத்தகம் எண் மாறும், சில வரிகளும் மாறும். ஒரே பாட்டுக்கு வேறு ராகமும் இருக்கும். ராகத்தின் பெயரைக் குறித்து, வரிகளை முழுதாக அச்சடித்துக் கொடுங்கள். லுத்தரன் ஞானப்பாட்டுகளில் வரிக் கடைசியில் எவ்வளவு நிறுத்துவது என்பதை ஒத்திகையிலேயே பேசிவிடுங்கள். இல்லையென்றால் பாதிப் பேர் அடுத்த வரிக்குத் தாவிவிடுவார்கள்.

வாசிப்புக்கு 1995இல் வந்த பொது மொழிபெயர்ப்பு சரியாக இருக்கும். கத்தோலிக்கரும் மற்ற சபையாரும் சேர்ந்து செய்தது.

ஒன்றரைக் கட்டை
சுருதி விஷயம். கலந்த கூட்டத்துக்கு உச்ச ஸ்வரம் கீபோர்டின் மேல் டி-யைத் தாண்டக் கூடாது. சரணத்தில் மேல் அந்தர காந்தாரம் (மேல் 'க') தொடும் கீர்த்தனையை 1 கட்டையில், அதாவது 'ச'வை சி-யில் வைத்து, எடுத்தால் அது ஈ. பின் வரிசை வாயை மூடிவிடும். அதற்குக் கீழே உள்ள 6½ கட்டைக்கு (பி-ஃபிளாட்) இறக்கினால் டி-யில் நிற்கும். கீபோர்டில் டிரான்ஸ்போஸ் −2 போட்டால் வேலை முடிந்தது.

தபலாவுக்கு அந்த வசதி இல்லை. 1½ கட்டைத் தபலாவை அரைக் கட்டை ஏற்றி இறக்கலாம். அதற்கு மேல் இழுத்தால் தோல் கெடும், நாதமும் செத்துவிடும். தபலாப் பாட்டுகளை ஒரே சுருதியில் அடுத்தடுத்து வையுங்கள், அல்லது டோலக்குக்கு மாறுங்கள்.

ஆர்கனை இறக்க முடியாது. வெயிலில் அதன் சுருதி கொஞ்சம் ஏறவும் செய்யும். அன்று மாலை கீபோர்டின் மாஸ்டர் டியூனிங்கைத்தான் (மொத்தச் சுருதியைச் சிறிது சிறிதாக ஏற்றி இறக்கும் வசதி) ஆர்கனுக்கு ஒத்து வைக்க வேண்டும். என்னைக் கேட்டால் ஆர்கனுக்கு இரண்டு பாமாலை மட்டும், வேறு கருவி எதுவும் கூட வேண்டாம். ஒலி நொடிக்குச் சுமார் 340 மீட்டர்தான் போகும். மாடிக்கும் பலிபீடத்துக்கும் 30 மீட்டர் என்றால் கிட்டத்தட்ட 0.09 நொடி பின்தங்கும். முன்னால் இருப்பவர் ஆர்கனைக் கேட்டு வாசிக்க, ஆர்கன்காரர் அவரைக் கேட்டு வாசிக்க, பாட்டு வரிக்கு வரி தளர்ந்துகொண்டே போகும்.

ஆல்டோ வரிசை
டிரம்ஸ் வேண்டும் என்கிறது பெந்தெகொஸ்தே குழு. கர்த்தர் கற்பித்த ஜெபத்தையும் எப்படிச் சொல்வது?

சவுண்ட் பெட்டி
கல் சுவரில் முழு டிரம்ஸ் எதிரொலித்துச் சொற்களை விழுங்கிவிடும். கஹோன் (கையால் தட்டும் மரப்பெட்டி) போதும், டிரம்ஸ்தான் என்றால் குச்சிக்குப் பதில் பிரஷ். அவர்கள் ஆராதனை நேரத்தை வெட்டாதீர்கள்: 12 நிமிடம், ஒரே சுருதியில் இரண்டு பாட்டு, முடிக்கச் சொல்லிக் கை காட்ட ஒருவர்.

திரையில் ஸ்லைடுக்கு நான்கு வரி. கடைசி வரி தொடங்கும்போதே மாற்றுங்கள், முடிந்த பிறகு அல்ல. பழைய பாமினி எழுத்துருக் கோப்பு வேறு கணினியில் ஆங்கில எழுத்துக் குவியலாகத் தெரியும். யூனிகோடில் அடித்து பி.டி.எஃப். ஆக்கிக் கொண்டுபோங்கள்.

பாமாலைப் பிரியர்
ஜெபத்தை 'அவரவர் முறைப்படி' விட்டால், 'தீமையிலிருந்து' என்பதோடு கத்தோலிக்கர் ஆமென் சொல்வார்கள். மற்றவர்கள் 'ராஜ்யமும் வல்லமையும்' என்று தொடர்வார்கள். ஒரே வாசகத்தை அச்சிட்டு, நடத்துபவர் வரி வரியாகச் சொல்ல, சபை பின்சொல்லட்டும். எந்த வாசகம் என்பதை நான்கு போதகர்களும் தாள் அச்சுக்குப் போகும் முன்பே முடிவு செய்ய வேண்டும்.